காளானுக்கு ஓர் இராச்சியம்

மாரிசாமி: ...காளான் மண்ணுலதான டீச்சரம்மா மொளைக்குது. அப்பறம் எப்பிடித் தாவரம் இல்லேங்கிறீங்க?

லரீபா: மண்ணுல முளைக்கிறதெல்லாம் தாவரம் இல்ல அண்ணே. பச்சையம் வேணும். தனக்குத் தேவையான சாப்பாட்ட வெயில்ல தானே சமைக்கோணும். காளான் சமைக்காது. அழுகிப் போனதுல ஒட்டிக்கொண்டு காலத்தக் கழிக்கும்.

ஷுக்ரி: எங்கட ஸலீம் மச்சானப் போல.

லரீபா: வாப்பா...

ஷுக்ரி: என்ட மக செல்றதக் கேக்காத மாரிசாமி. இவ ஸ்கூல்ல சயன்ஸ் படிச்சிக் குடுக்கிறவ. கண்டிக்கு ஏதோ கோர்ஸ் ஒண்டுக்குப் போய்ட்டு வந்த நாள்ல இருந்து இந்தக் கடையில ஒரு சாமான் நிம்மதியா இல்ல. நான் பண்டாரவளையில காலம் பூரா மரக்கறி யாவாரம் செய்றேன். காளான் மரக்கறி. முடிஞ்சுது. போய் ஒன்ட பெண்சாதியப் பாரு.

மாரிசாமி: முடியலயே முதலாளி. வெரதத்துல இருக்கேன்ல. ராக்கம்மாவுக்கு ஏற்கனவே ரெண்டு தங்கல. இந்தப் புள்ளயாவது உசுரோட கைக்கு வரணும்னு கதிர்காமத்தானுக்கு நேந்தேன். கொடியேத்தத்துக்குப் போயிச் சேர்ற வரைக்கும் உசுருள்ள எதையும் வாயில வைக்கமாட்டேன்னு.

லரீபா: உசுருள்ள எதையும்... இப்பிடியேவா நேந்தீங்க?

மாரிசாமி: இப்பிடியேதான். எங்க தெமோதர தோட்டத்துக் கோயில்ல, சூடத்துல அடிச்சு சத்தியம் பண்ணினேன்.

லரீபா: அப்ப பெரிய சிக்கல். தாவரத்துக்கும் உசுர் ஈக்கு. கத்தரிக்காய்க்கும் ஈக்கு.

ஷுக்ரி: இவனப் பட்டினியில மவுத்தாக்கப் பாக்குறியா புள்ள?

மாரிசாமி: கத்தரிக்கா வெசயம் சாமிக்குத் தெரியும் டீச்சரம்மா. காய்கறிய அவரு உசுருன்னு எடுத்துக்க மாட்டாரு. ஆடு, கோழி, மீனு, அதுதான் உசுரு. ஆக ரெண்டே வகுப்பு. சாமிக்கும் ரெண்டு, எனக்கும் ரெண்டு. இப்ப நீங்க காளான் ரெண்டுலயும் இல்லேங்கிறீங்க. அப்ப அது எங்க போயி நிக்கும்?

லரீபா: அதுக்குத் தனி இராச்சியம்.

ஷுக்ரி: ஸ்ஸ்... மெல்லச் செல்லு. எதிர்க் கடையில பொலிஸ்காரன் பிளேன்டீ குடிச்சிக்கொண்டு ஈக்கான். போன வருஷக் கலவரத்துல பட்டது காணாதா? இந்தக் காலத்துல கடைவாசல்ல நிண்டுகொண்டு தனி ராச்சியம்...

லரீபா: பங்கசு இராச்சியம் வாப்பா. காளான், பூஞ்சணம் எல்லாம் அதுல.

ஷுக்ரி: யாருட ராச்சியமா இருந்தாலும் மெல்லச் செல்லு.

மாரிசாமி: மொத்தம் எத்தன ராச்சியம் டீச்சரம்மா?

லரீபா: அஞ்சு. முந்தி தாவரம், விலங்கு, ரெண்டுதான். இப்ப பக்டீரியாவுக்கு ஒண்டு, அமீபா போல சின்னச் சாமானுக்கு ஒண்டு, பங்கசுக்கு ஒண்டுன்னு பிரிச்சிட்டாங்க.

மாரிசாமி: இது சாமிக்குத் தெரியுமா?

லரீபா: எது?

மாரிசாமி: ரெண்ட அஞ்சாக்குனது.

லரீபா: ...அது எனக்குத் தெரியா அண்ணே. வெளிநாட்டுல பிரிச்சே பத்து வருஷம்தான் ஈக்கும்.

மாரிசாமி: அப்ப கதிர்காமத்துக்குத் தகவல் வந்து சேந்திருக்காது.

ஷுக்ரி: எப்பிடிச் சேரும்? வெல்லவாயவத் தாண்டினா தபாலே ஒழுங்காப் போகாது.

மாரிசாமி: அப்ப சாமியப் பொறுத்த மட்டும் காளான் இன்னும் மரக்கறிதான்.

ஷுக்ரி: அதத்தான் நான் மொதல்ல இருந்தே...

லரீபா: எண்டாலும் ஒண்டு. காளான்ட சுவர்ல ஈக்கிற சாமானும் நண்டு ஓட்டுல ஈக்கிறதும் ஒண்டுதான்.

மாரிசாமி: நண்டா?

ஷுக்ரி: லரீபா, நீ உள்ளுக்குப் போ.

லரீபா: உண்மையச் செல்ல வேணாமா வாப்பா? கரப்பான் பூச்சிட தோல்லயும் அதுதான் ஈக்கு.

மாரிசாமி: கரப்பானுமா... போச்சு.

ஷுக்ரி: அவ அப்பிடித்தான். நேத்து பாண் துண்ட வாயில வைக்கக்கொள்ள, வாப்பா, அதுல மாவப் பொங்க வைக்கிற மதுவம் ஈக்கு, அதுவும் பங்கசுன்னு செல்லிட்டா. தேத்தண்ணில முக்கின பாண் அப்பிடியே கையில நிக்கிது. விழுங்கிறதா துப்புறதா?

மாரிசாமி: என்னா செஞ்சீங்க?

ஷுக்ரி: விழுங்கினேன். பசிக்கு எத்தனாம் ராச்சியமா இருந்தா என்ன?

மாரிசாமி: அட்ட எதுல சேத்தி டீச்சரம்மா?

லரீபா: அட்டை விலங்கு. ஏன், அட்டையச் சாப்பிட்டீங்களா?

மாரிசாமி: ஐயோ, இல்லங்க. மலையில கொழுந்துக்குள்ள நடக்கிறப்ப கால்ல ஏறி உறிஞ்சிருச்சு. வெரதம் இருக்கிற ஒடம்பாச்சே, அதான் ஒரு சந்தேகம்.

ஷுக்ரி: அட்ட வெரதம் இருந்திருந்தா அட்டட வெரதம்தான் முறிஞ்சது. ஒனக்கென்ன?

மாரிசாமி: அதுவும் சரிதான்.

ஷுக்ரி: இங்க பாரு மாரிசாமி. என்ட கடைச் சட்டத்தச் செல்றேன், கேட்டுக்கோ. இங்க ரெண்டே ராச்சியம். எலி திங்கிறது, எலி திங்காதது. எலி திங்கிறத மேல் தட்டுல வைக்கிற. திங்காதது கீழ. காளான் வந்தா கீழதான் வைப்பேன், உப்புப் பெட்டிக்குப் பக்கத்துல. உப்பு தின்னா வெரதம் முறியுமா?

மாரிசாமி: முறியாது.

ஷுக்ரி: அவ்வளவுதான் பேச்சு.

மாரிசாமி: ...மாசி எங்க வச்சிருக்கீங்க முதலாளி?

ஷுக்ரி: மாசியா?

மாரிசாமி: மேலயா, கீழயா?

ஷுக்ரி: இப்ப ஏன் மாசியக் கேக்குறாய்?

மாரிசாமி: சும்மாதான். நீங்க தட்டப் பத்திப் பேசுனீங்களா, அதான்.

ஷுக்ரி: மாசி... மேலதான் ஈக்கு. எண்டாலும் அது எலிக்காக வச்சதில்ல, கீழ எடமில்லாம வச்சது. யோசிச்சுப் பாரு, மாசிய ஒரு மீன்னு செல்ல ஏலுமா? மாலதீவுல இருந்து வரக்கொள்ளயே மரக்கட்ட. செதில் இல்ல, முள் இல்ல, கண் இல்ல. உலக்கையால இடிச்சாத்தான் உடையிது. ஒரு விதத்துல பாத்தா அது மரத்தோடதான் சேத்தி.

மாரிசாமி: எனக்கும் அப்பிடித்தான் தோணுச்சு.

லரீபா: ரெண்டு பேரும் என்ன பேசுறீங்க? மாசி எண்டா மீன். அவிச்சு, புகையில போட்டு, வெயில்ல காய வச்ச மீன். முதுகெலும்புள்ள விலங்கு.

மாரிசாமி: காஞ்சு கட்டையானப்பறமுமா?

லரீபா: காஞ்சா மட்டும் இராச்சியம் மாறிடுமா? ஆள் மெலிஞ்சு போனா அவர பாக்கு மரத்தோட சேக்கிறதா?

மாரிசாமி: இல்ல... கொஞ்சூண்டு. தூளா இடிச்சு, தேங்காப்பூ, மொளகா, வெங்காயத்தோட எல்லாம் கலந்துட்டா? எது எதுன்னே தெரியாத மாதிரி?

ஷுக்ரி: அதான. தேங்காதான கூடுதலா ஈக்கு. எது கூடுதலோ அந்த ராச்சியம். எலக்சன் போல.

லரீபா: எலக்சன் இல்ல வாப்பா இது. ஒரு சிட்டிக எண்டாலும் மீன் மீன்தான். காளான்ல இருந்து மாசிக்கு எப்பிடி வந்து சேந்தீங்க?

ஷுக்ரி: உம்மா கூப்பிடுறா.

லரீபா: எனக்குக் கேக்கல்ல.

ஷுக்ரி: எனக்குக் கேட்டுச்சி. போ.

லரீபா: சரி, போறேன். அண்ணே, பயப்புடாதீங்க. நான் செல்றது புத்தகத்துட கத. புள்ள பொறக்கிறது அந்தப் புத்தகத்தப் பாத்து இல்ல.

மாரிசாமி: சரிங்க டீச்சரம்மா.

ஷுக்ரி: ...பதுளையில இருந்தா வாறாய்?

மாரிசாமி: ஆமாங்க. ஆஸ்பத்திரியிலருந்து நேரா ரயில்ல.

ஷுக்ரி: ராக்கம்மா எப்பிடி?

மாரிசாமி: வார்டுலதான் இருக்கா. காலையில கஞ்சி குடிச்சா.

ஷுக்ரி: எங்கட நோன்புல ஒரு சட்டம் ஈக்கு மாரிசாமி. நோன்பு புடிச்சவன் மறந்து போய்த் தின்னுட்டா நோன்பு முறியாது. அல்லாதான் அவனுக்கு ஊட்டினான்னு செல்லுவாங்க.

மாரிசாமி: நல்ல சட்டம் முதலாளி.

ஷுக்ரி: ஒன்ட சாமிட்ட அப்பிடி ஒண்டு ஈக்காதா?

மாரிசாமி: மறந்து தின்னாத்தான?

ஷுக்ரி: மறந்து... இல்லாட்டித் தெரியாம. மாரிசாமி, ஒண்டு செல்றேன், கோவிக்கக் கூடா. போன வெள்ளிக்கெழம நீ எங்கட கூரைக்குத் தகரம் அடிக்க வந்தாய். பகலைக்கு லரீபாட உம்மா ஜெமீலா பாணும் சம்பலும் தந்தா. நீ வெரதம்னு அவக்குச் செல்ல மறந்துட்டேன். நீ வாயில வச்ச பொறகுதான் கண்டேன், மாசிச் சம்பல். தட்டப் பறிக்கவும் ஏலாம, வாயத் தொறக்கவும் ஏலாம நிண்டேன். அண்டைல இருந்து எனக்கு ஒழுங்கா ஒறக்கமில்ல. ஒன்ட புள்ளக்கி ஒண்டு ஆச்சுன்டா அது என்ட வீட்டுச் சோத்தால ஆனது. எண்டாலும் நீ தெரியாமத் தின்ன. தெரியாமத் தின்னது சேராது.

மாரிசாமி: தெரியாம இல்ல முதலாளி.

ஷுக்ரி: என்ன?

மாரிசாமி: மொத வாயிலயே தெரிஞ்சுபோச்சு. மாசி வாசம் தெரியாதா? ரெண்டு மாசமா பருப்பும் கீரையும் தின்ன நாக்கு. அம்மா, இன்னும் கொஞ்சம் வைக்கவான்னு கேட்டாங்க. வைங்கன்னேன்.

ஷுக்ரி: அதையும் கண்டேன்... அப்ப அந்தக் காளான்?

மாரிசாமி: காளான நான் கண்ணாலயும் பாக்கல. எடுத்த எடுப்புல மாசின்னு சொன்னா, ஆசையாப் போட்ட ஜெமீலாம்மா மனசு சங்கடப்படும். அதான் காளான முன்னுக்கு வுட்டேன்.

ஷுக்ரி: யா அல்லா. தெரிஞ்சே தின்னிருக்காய். இனி அந்தப் புள்ள பொறக்கிற வரைக்கும் நான் எப்பிடிடா ஒறங்கிற?

மாரிசாமி: நீங்க ஒறங்குங்க. புள்ள நேத்தே பொறந்திருச்சு. பொட்டப் புள்ள. அது கத்துற கத்து ஆஸ்பத்திரி கேட்டு வரைக்கும் கேக்குது. மொதல்லயே சொன்னா சந்தோசப்பட்டு மிட்டாயக் குடுத்து அனுப்பிருவீங்க, வந்த காரியம் கெட்டுப் போயிரும். எனக்குப் பயமா இருக்கு முதலாளி, சாமி கவனிக்காமக் குடுத்துட்டாரோன்னு. கவனிச்சுதான் குடுத்தாருன்னா, அந்தச் சம்பல எந்த ராச்சியத்துல சேத்துக்கிட்டாருன்னு கேட்டுக்கிட்டுப் போகத்தான் வந்தேன்... கதிர்காமம் போக இன்னும் நாள் கெடக்கு, ஒங்க வீட்டுல இன்னைக்கும் சம்பலா?