தம்பியின் இடது கை

என் தம்பிக்குச் சின்ன வயதிலிருந்தே குடையைத் தொலைக்கிற பழக்கம் உண்டு. ஒரு மழைக்காலத்துக்கு மூன்று குடை போகும். பிறகு என் குடையை எடுத்துக்கொண்டு போவான். அதுவும் திரும்பி வராது. நான் தொப்பலாக நனைந்து வீடு வந்து சேர்ந்தால், "அக்காவுக்கு மழைன்னா உசுரு" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். நாலு பேரைச் சிரிக்கவைப்பதைத் தவிர வேறு எந்தத் தொழிலும் அவனுக்குக் கைவரவில்லை.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னால் அவனுடைய சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போயின. என்னுடையதில் ஒன்றைக் கொடுத்தேன். விலாவுக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குத் தழும்பு இருக்கிறது. குனிந்தால் இன்றைக்கும் இழுக்கும். அதை நான் யாரிடமும் சொல்லிக்காட்டியதில்லை. இரண்டு வேளை மாத்திரை, அவ்வளவுதான் அவன் செய்ய வேண்டியது. எட்டு ஆண்டு விழுங்கினான். ஒன்பதாம் ஆண்டு, "நல்லாத்தானே இருக்கேன்" என்று நிறுத்திவிட்டான். நான் நூலகத்தில் வேலை பார்க்கிறேன். இரவல் வாங்கிய புத்தகத்தைக் கிழித்துக்கொண்டு வருகிறவர்கள்கூடத் தலையைக் குனிந்துகொண்டு நிற்பார்கள். இவனோ, "அக்கா கிட்னியும் அக்கா மாதிரியேதான், கொஞ்ச நாள் பேசிட்டு மூஞ்சியத் திருப்பிக்கிச்சு" என்று ஆஸ்பத்திரியில் சொன்னான். நர்ஸுகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அவன் மனைவி எப்போதோ போய்விட்டாள். புத்திசாலி. அதனால் என் வீட்டுக்கு வந்தான். வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். அதற்காக இடது கையில் இரண்டு ரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். ரத்தம் வேகமாகப் பாய்ந்து, அந்த இடம் விரல் தடிமனுக்குப் புடைத்திருக்கும். தொட்டால் தேன்கூடு போல அதிரும். அந்த அதிர்வு இருக்கிறவரைக்கும்தான் ஊசி போட வழி. அந்தக் கையில் கடிகாரம் கட்டக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, அதன்மேல் படுக்கக் கூடாது. எல்லாவற்றையும் எனக்குத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். அவனிடம் சொல்லிப் பயனில்லை என்று அவர்களுக்கும் தெரிந்திருந்தது.

பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்தால் கையை நீட்டுவான். "தொட்டுப் பாருங்க, கரண்டு ஓடுது." தொட்டுவிட்டுக் கண்கலங்கி, பழம் கொடுத்துவிட்டுப் போவார்கள். அவன் சாப்பிடக் கூடாத பழம். உரித்துச் சாப்பிடுவான்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் என் மகள் சொன்னாள்: "அம்மா, மாமாவுக்கு நான் கிட்னி குடுக்கலாம்னு இருக்கேன். டெஸ்டுக்கு ரத்தமும் குடுத்துட்டேன்."

அவளுக்கு இருபத்து மூன்று வயது. நான் தம்பியைப் பார்த்தேன். மறுப்பான் என்று ஒரு நிமிஷம் எதிர்பார்த்தேன். அந்த முட்டாள்தனம் என்னுடையது.

"வேணாம்னு சொன்னேன்க்கா, புள்ள கேக்க மாட்டேங்குது" என்றான், தட்டை வழித்துக்கொண்டே.

மறுநாள் டயாலிசிஸ் முடிந்து வந்து மதியம் தூங்கினான். அன்றைக்கு அவனுக்கு ரத்த அழுத்தம் குறைவு. அடித்துப்போட்டது போலக் கிடந்தான். என் முழங்கால் வலிக்குச் சுற்றுகிற எலாஸ்டிக் பட்டியை அந்தக் கையில் சுற்றினேன். இறுக்கமாக, ஆனால் எழுப்பிவிடாதபடி. பக்கத்தில் உட்கார்ந்து குறுக்கெழுத்துப் புதிர் போட்டேன். இரண்டு சொல் மட்டும் பாக்கி இருந்தபோது அவிழ்த்துத் தொட்டுப் பார்த்தேன். அதிர்வு இல்லை. பட்டியைத் திரும்ப என் முழங்காலில் சுற்றிக்கொண்டேன்.

"அக்கா, கை பேச மாட்டேங்குது" என்று எழுந்து அழுதான். அழுகைகூட அவனுக்கு அழகாகத்தான் வரும்.

"கை மேல படுத்துட்டீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"படுத்திருப்பேன் டாக்டர். என் தப்புதான்."

அவன் வாழ்நாளில் ஒப்புக்கொண்ட ஒரே தப்பு, அவன் செய்யாதது.

வழி அடைபட்டால் எல்லாம் தானாக முடிந்துவிடும் என்று நினைத்திருந்தேன். மருத்துவம் அவ்வளவு சீக்கிரம் கைகழுவாது. கழுத்துப் பக்கம் துளைத்து ஒரு குழாயை உள்ளே விட்டார்கள். நெஞ்சில் இரண்டு முனைகள் தொங்கும். அவற்றுக்கு மூடி, மேலே கட்டு. "தண்ணி படவே கூடாதும்மா. கிருமி போச்சுன்னா நேரா ரத்தத்துக்குத்தான் போகும்" என்றாள் நர்ஸ். கட்டுப் போடக் கற்றுக்கொண்டேன். ஐந்து வாரம் ஒரு குறையும் இல்லாமல் போட்டேன். இதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும், இன்ஸ்பெக்டர்.

ஆறாவது வாரம், வியாழக்கிழமை. மகள் வேலை விஷயமாக வெளியூர் போயிருந்தாள். யாரோ அவனுக்குக் கொண்டுவந்த பூக்கள் மேசைமேல் பூச்சாடியில் அழுகிக்கொண்டிருந்தன. கட்டு மாற்றுகிற நேரத்தில் அந்தத் தண்ணீரில் பஞ்சை நனைத்து, குழாய் நுழைகிற இடத்தைத் துடைத்தேன். மூடிகளையும் விட்டுவைக்கவில்லை. "என்னக்கா, ஜில்லுனு இருக்கு?" என்றான். புது மருந்து என்றேன். "அக்கா கை பட்டாலே போதும், மருந்து எதுக்கு" என்றான்.

வெள்ளிக்கிழமை காலையிலேயே உடம்பு தூக்கிப் போட்டது. காய்ச்சல் வந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது என்று சமையலறைச் சுவரில் ஒரு தாள் இருக்கிறது, ஒட்டியது நான்தான். போர்வை கொடுத்தேன். அது போதவில்லை என்றான். இன்னொன்று கொடுத்தேன். மகள் போனில் கேட்டபோது, மாமா தூங்குகிறார் என்றேன். சனிக்கிழமை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போனபோது அவனுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. கட்டு ஊறிப்போயிருந்ததை நர்ஸ் எழுதிவைத்திருக்கிறாள். அதுதான் உங்கள் கைக்கு வந்திருக்கிறது. கெட்டிக்காரப் பெண். திங்கட்கிழமை அவன் போய்விட்டான். சவ ஊர்வலத்தில் கூட்டத்துக்குக் குறைவில்லை. என்னைத் தவிர எல்லோரும் அழுதார்கள்.

மகள் பெயருக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கடிதத்தைப் பற்றிக் கேட்கிறீர்கள். ஆமாம், நான்தான் பிரித்தேன். அவளுக்கு ஒரு சிறுநீரகம் பிறவியிலேயே சிறியதாம். அவள் யாருக்கும் கொடுக்கக் கூடாது, அந்தப் பேச்சை இத்தோடு விட்டுவிடலாம் என்று தெளிவாக எழுதியிருந்தது. இரண்டு முறை படித்துவிட்டு அலமாரியில் வைத்துப் பூட்டினேன். அது செவ்வாய்க்கிழமை. கட்டை நனைத்தது அதற்கு இரண்டு நாள் கழித்து.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? நான் செய்தது எல்லாம் என் மகளுக்காகத்தான். பெற்றவள் எதற்கும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டாமா?