பெருவிரல் எரிந்த நாளைத் தந்த மக்டலீன் அவர்களுக்கு

குருநகர் வலைக் கூடத்தின் தலைவியே! முப்பத்தொரு ஆண்டுகள் நைலோன் நூலோடும் எங்கள் நாற்பது பேரின் நாவுகளோடும் நாளெல்லாம் மல்லாடியும் நிதானம் இழக்காத நெஞ்சத்தீரே! கண் அறுந்த வலைக்குக் கையும், கதியற்று நின்றவர்க்குத் தோளும் கொடுத்த எங்கள் மக்டலீன் அக்காவே! வணக்கம்.

இந்தப் பாராட்டு விழாவிலும் நேரே பார்த்துப் புகழ்ந்தால் தாங்கள் எழுந்து அடுப்படிப் பக்கம் போய்விடுவீர்கள். சென்ற நத்தார்ப் பண்டிகைக்கு அப்படித்தான் நடந்தது. ஆகையால் "தாங்கள்" என்பதைச் சற்று நேரம் தள்ளிவைத்து, மக்டலீன் என்ற ஒருவருடைய கதையாகவே இதைச் சொல்கிறோம். யாருடைய கதையோ என்று எண்ணி அமர்ந்து கேட்பீர்களாக!

1992 மாசி மாதத்தில் ஒரு நாள், பரணிலிருந்து வலைக்கட்டு இறக்கிக்கொண்டிருந்த அருமைநாயகி, ஏணி வழுக்கி முதுகு அடிபட விழுந்தார். அவரும் மக்டலீனும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள்; இருபத்தெட்டு வருடங்கள் ஒரே பாயில் எதிரெதிரே இருந்து ஒரே வலையின் இரண்டு தலைப்புகளையும் முடைந்தவர்கள். முள்ளந்தண்டு முறிந்து, இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. இரண்டு மாதம் ஆசுபத்திரிக் கட்டிலில் வைத்திருந்துவிட்டு, "நிமிர்ந்து இருக்கப் பழகலாம். நடக்கிறதைப் பற்றி இப்ப ஒண்டும் சொல்லேலாது" என்று வைத்தியர் வீட்டுக்கு அனுப்பினார். அடுத்த வருடம் ஆடியில் வரும் யாகப்பர் கோவில் திருவிழாவரை அருமைநாயகியின் இடத்தை வைத்திருப்பது, அதற்குள் அவர் நடந்து வந்து அமராவிட்டால் வேறு ஆள் எடுப்பது என்று நிர்வாகம் தீர்மானித்தது. பிள்ளை குட்டி இல்லாத அருமைநாயகிக்கு அந்தப் பாயைவிட வேறு உலகம் கிடையாது.

அன்று முதல் அருமைநாயகியின் வீட்டில் மக்டலீன் வைத்ததுதான் சட்டம். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்கக் கூடத்துப் பெண்களுக்கு முறை வகுத்தார். முதுகில் ஒரு புண்கூட வர விடவில்லை. ஆனால் கைக்கு எட்டுகிற பொருளை எடுத்துக் கொடுக்க ஒருவரையும் அனுமதிக்கவில்லை. தன் முறைக்கு வந்து, மனம் பொறுக்காமல் எழும்பிய லூர்த்தம்மாவுக்குச் சுடச்சுடக் கிடைத்தது: "இரும் பிள்ளை! அவளுக்கு அடிபட்டது முதுகிலை. கையிலை இல்லை."

"தேத்தண்ணி ஆறிப்போச்சடி, பாதகத்தி!" என்பார் அருமைநாயகி.

"அப்ப நாளைக்குக் கெதியா எட்டி எடு."

அப்படிப்பட்டவரும் ஒரு பிழை விட்டார். வலை முடைகிறவர்கள் காலை நீட்டி, வலைக் கண்ணைப் பெருவிரலில் மாட்டி, இழுத்துப் பிடித்துக்கொண்டு ஊசி ஓட்டுவது வழக்கம். அருமைநாயகி தலையணை முட்டுக் கொடுத்து இருக்கப் பழகிய காலையில், மக்டலீன் மகிழ்ச்சி மிகுதியால், கை போன பழக்கத்தில், வலையை அந்த உணர்வற்ற விரலில் மாட்டிவிட்டார். இருவரும் கதைத்துச் சிரித்து முடைந்தார்கள். மத்தியானம் பார்த்தால் பாயில் இரத்தம். நைலோன் நூல் சதையை அறுத்திருந்தது, யாருக்கும் தெரியவில்லை.

"உணர்வில்லாத காலிலை நூலைக் கொழுவுறதோ? காலையே எடுக்க வேண்டி வந்தா என்ன செய்வியள்?" என்று மருந்து கட்ட வந்த தாதி ஏசிவிட்டுப் போனார்.

மூன்று நாள் மக்டலீன் வீட்டுக்குள் கால் வைக்கவில்லை. வேலிக்கு வெளியே நிற்பார், திரும்பிப் போவார். நான்காம் நாள் உள்ளிருந்து அருமைநாயகியின் குரல் தெரு ஒழுங்கை முழுவதும் கேட்டது: "எடியே மக்டலீன்! எனக்கே நோகேல்லை, நீ ஏனடி நோகிறாய்? உள்ளை வா. இவளவை கட்டுற கட்டு ஒண்டும் சரியில்லை!"

உள்ளே வந்தவர் அதன்பிறகு ஒரு நாளும் தவறவில்லை. கொதித்தாறிய உப்புத் தண்ணீரால் காலையும் மாலையும் அந்த விரலைக் கழுவினார். மூன்றாவது வாரம், ஒரு காலை, கழுவிக்கொண்டிருக்கையில் மேலிருந்து ஒரு சத்தம்.

"ஸ்... மெல்லமா ஊத்தடி. எரியுது."

மக்டலீனின் கை அப்படியே நின்றது. "எங்கை எரியுது?"

"விரலிலை, சனியனே! வேறை எங்கை? உப்பைக் குறைச்சுப் போடு!"

சொன்ன பிறகுதான் அருமைநாயகிக்கே விளங்கிற்று. சட்டி கவிழ்ந்ததையும் பாராமல் மண்ணில் குந்திய மக்டலீன், அழுகையும் சிரிப்புமாகக் கேட்டது ஒன்றுதான்:

"இன்னொருக்கா ஊத்தட்டோ?"

அதன்பின் அந்த முற்றத்தில் நடந்தது போர்! யுத்தகால மீன்பிடித் தடையால் கடலுக்குப் போக வழியின்றிக் கரையில் கிடந்த வள்ளங்களின் பாய்மரத் தடிகள் இரண்டை இடுப்பளவு உயரத்தில் கிடையாகக் கட்டுவித்தார் மக்டலீன். அவற்றைப் பிடித்து அருமைநாயகி எழுந்தார், விழுந்தார், ஏசினார், மறுபடி எழுந்தார். பதினொரு மாதங்கள்! 1993 ஆடியில், திருவிழாக் கொடி ஏறுவதற்கு முதல் நாள், இரண்டு ஊன்றுகோல்களோடு கூடத்து வாசற்படலையில் வந்து நின்றார். படலையிலிருந்து பாய்வரை நாற்பத்திரண்டு அடி. பாதியில் கால் தளம்பியது. முகாமையாளர் கனிசியஸ் பதறிப் பாய்ந்தார்.

"இரும் தம்பி!" என்றார் மக்டலீன். "அவள் வருவாள்."

வந்தார்! தம் இடத்தில் இறங்கி இருந்தார். பெருவிரலில் துணி சுற்றி, வலைக் கண்ணைத் தாமே மாட்டி, ஊசியைக் கையில் எடுத்தார். அன்று நாம் எழுப்பிய ஆரவாரம் கோவில்வரை கேட்டதாம்.

எங்கள் மக்டலீன் அக்காவே! கதை முடிந்தது. இனித் தாங்கள்தான் தாங்கள். விழுந்தவரைத் தூக்குவது எவர்க்கும் இயலும். அவர் தாமே எழும்வரை கை நீட்டாமல், கண் எடுக்காமல், அருகில் நிற்கும் திடத்தைத் தங்களிடமே கண்டோம். கண் மங்காமல், முழங்கால் இறுகாமல், ஏசுவதற்கும் சிரிப்பதற்கும் ஆள் குறையாமல், தாங்கள் நெடுங்காலம் நலமே வாழ ஆண்டவரை மன்றாடுகிறோம்.

இம்மடலுக்குச் சட்டம் போடக் கடையில் கண்ணாடி கிடைக்கவில்லை. எங்களில் ஒருவரான செபநாயகம் தம் வீட்டு யன்னலிலிருந்து கழற்றித் தந்தார். பாரம் சற்று அதிகம். ஆயினும் இதைத் தோளில் கொழுவிக்கொண்டு, தம் பாயிலிருந்து தங்கள் நாற்காலிவரை, அருமைநாயகி இப்போது நடந்து வருவார்.

எவரும் எழுந்து உதவவேண்டாம். தாங்களும்தான், அக்கா. இரும்!

இங்ஙனம்,
தங்கள் அன்பை மறவாத
வலைக் கூடத்துப் பணியாளர்கள்
குருநகர், 18 மாசி 1995