நாலரை மணிக் கேசட்

டைமர் வேலை செய்யவில்லை என்று ஸ்டீரியோ பெட்டியைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் செய்கிற தவறு ஒன்றே ஒன்றுதான். நேரத்தைச் சரியாக வைப்பார்கள், கேசட்டைச் சரியாகப் போடுவார்கள், பெட்டியை அணைக்க மறந்துவிடுவார்கள். தூங்குகிறவனைத்தான் எழுப்ப முடியும். இந்த வரியை அப்படியே கையேட்டில் எழுதியிருந்தேன். மெய்ப்புப் பார்த்தவள் அதைச் சுழித்து, ஓரத்தில் 'பழமொழி வேண்டாம், பொத்தானைச் சொல்லவும்' என்று எழுதித் திருப்பி அனுப்பினாள். அவளைத்தான் பிறகு கல்யாணம் செய்துகொண்டேன்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறான் என்று பார்க்கிறீர்கள். நீங்கள் எழுதத் தோதாக வரிசையாகவே சொல்கிறேன். பதினெட்டு வருஷமாக ஸ்டீரியோ கம்பெனியில் கையேடு எழுதுகிறேன், வரிசையாகச் சொல்வதுதான் என் பிழைப்பு.

கல்யாணமாகி ஐந்தாம் வருஷம் அவளுக்குக் கண்ணில் அழுத்தம் கூடிப் பார்வை மங்கத் தொடங்கியது. இரண்டு அறுவை சிகிச்சையும் பலிக்கவில்லை. முப்பத்து நாலு வயதில் முழுசாக இருட்டு. அச்சில் விட்டுப்போன ஒரு புள்ளியைக் கூடக் கண்டுபிடிக்கிற கண்கள் அவை. ஆனால் அவள் ஒப்பாரி வைக்கிற ரகம் இல்லை. ஒரு நாள் என் கன்னத்தைத் தடவிவிட்டு, "இனிமே ஷேவ் பண்ணாம என்னை ஏமாத்த முடியாதுங்க, கையாலயே மெய்ப்புப் பார்த்துடுவேன்" என்றாள்.

நான் எட்டரைக்குக் கிளம்பினால் ஆறரைக்குத்தான் திரும்புவேன். அந்தப் பத்து மணி நேரமும் அவள் தனியாக இருப்பதை நினைத்தால் வேலையில் மனம் ஒட்டாது. எங்கள் வீட்டுப் பெட்டியில் கேசட் போட இரண்டு இடம், டைமர் மூன்று. கேசட்டின் ஒரு பக்கம் நாற்பத்தைந்து நிமிடம் ஓடும். வேலை நாள் ஐந்து, நாளுக்கு இரண்டு தடவை, தடவைக்கு நாலு நிமிடம், ஆக நாற்பது. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து மைக்கைச் செருகி, பத்துத் துண்டுகளையும் என் குரலில் பதிவு செய்துவிடுவேன். ஒரு நிமிடம் பேச்சு, மிச்சத்துக்கு அவளுக்குப் பிடித்த பாட்டு. காலை பத்தரைக்கும் மாலை நாலரைக்கும் டைமர் பெட்டியை எழுப்பும், நாலு நிமிடத்தில் தூங்கவைத்துவிடும். அடுத்த தடவை கேசட் விட்ட இடத்திலிருந்து தொடரும். சில விநாடி முன்னே பின்னே போனால் பாட்டு அதைத் தாங்கிக்கொள்ளும். எந்தக் கையேட்டிலும் இல்லாத யோசனை, நானாகக் கண்டுபிடித்தது.

"மணி பத்தரைம்மா. நீல டப்பாவில மாத்திரை இருக்கு, போட்டுக்கோ. தண்ணி குடி. அடுப்புப் பக்கம் போகாதே." இப்படி. நாலரைக்கு, "ஜன்னலைச் சாத்து, கொடியில துணி இருந்தா எடுத்து வை, யாரு தட்டினாலும் கதவைத் திறக்காதே, நான் வந்துடுவேன்." ஆறு வருஷம் ஒரு வாரம் கூடத் தவறவில்லை. காய்ச்சலில் குரல் கட்டியிருந்தபோதும் பதிவு செய்தேன்.

கை தெரியாமல் பட்டு டைமர் கலைந்துவிடக் கூடாது என்று பெட்டியை அலமாரிக்கு மேலே தூக்கி வைத்தேன். மணியடித்தால் பதறி எழுந்து வந்து எதிலாவது இடித்துக்கொள்வாள் என்று தொலைபேசியை உள்ளறையில் வைத்துப் பூட்டிவிட்டுப் போவேன். அவளுடைய தங்கையையும் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்தால் போதும் என்று சொல்லிவிட்டேன். "என்ன மாமா இது, ஜெயில் மாதிரி" என்றாள் தங்கை. ஜெயிலில் பாட்டுப் போடுவார்களா என்று கேட்டேன். மனைவி சிரித்தாள். அவள் சிரித்தாள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது டைமர் பதிவுக்கு. செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு ரேடியோவில் நாவல் வாசிப்பார்கள். அரை மணி நேரம். அதை இரண்டாவது கேசட்டில் பிடித்து வைத்து, ஞாயிறன்று இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்போம். அந்த வாரம் மைக்கைக் கழற்ற மறந்துவிட்டேன். மைக் செருகியிருந்தால் ரேடியோவோடு அறையில் பேசுவதும் சேர்ந்து பதியும். இதைக் கையேட்டில் கொட்டை எழுத்தில் எழுதியவனே நான்தான்.

புதன் சாயங்காலம் பதிவு சரியாக விழுந்திருக்கிறதா என்று ஹெட்போன் மாட்டிக் கேட்டேன். வாசிப்பவரின் குரலுக்குப் பின்னால் தங்கையின் குரல் கேட்டது. செவ்வாய்க்கிழமை அவள் எதற்கு வந்தாள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"மாமாகிட்ட எப்பக்கா சொல்லப் போற?"

"வேலைல சேர்றதுக்கு முதல் நாள் சொல்லிக்கிறேன். முன்னாடியே சொன்னா அதுக்கும் ஒரு கேசட் போட்டுடுவார்."

"பாவம்க்கா அவர்."

"பாவம்தான், யாரு இல்லைன்னா? ஆனா தண்ணி குடிக்கிறதுக்குக் கூட அலமாரி மேலேருந்து ஒரு குரல் வந்து சொல்லணுமா? அது பாட்டுக்கு ஓடும், நான் பாட்டுக்கு என் வேலையைப் பார்ப்பேன். நான் அதைக் கேக்கறதே இல்லடி."

அப்புறம் தங்கை என் குரலைப் போலச் செய்து, "மணி பத்தரைம்மா" என்றாள். என் மனைவி சிரித்தாள். இருமல் வருகிற அளவுக்குச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டு வருஷம் ஆறு ஆகிறது.

ஞாயிற்றுக்கிழமை, செவ்வாயன்று நாடா சிக்கிக்கொண்டது, வாசிப்பு பதியவில்லை என்று சொன்னேன். "பரவாயில்லைங்க" என்றாள். அன்றைக்கு மைக்கை நான் கழற்றவில்லை. முதல் தடவை மறதி. அதற்கப்புறம் ஐந்து வாரம் மறதி இல்லை, ஞாயிறுதோறும் நாடாவின் மேல் பழியைப் போட்டேன். புதனன்று அதே டைமரை மாற்றி, வியாழக்கிழமைக்கும் ரேடியோ இல்லாமல் மைக்கை மட்டும் பதிய வைத்தேன்.

ஐந்து வாரத்தில் எல்லாம் தெரிந்தது. செவ்வாயும் வியாழனும் பத்தரை மணிக் கேசட் முடிந்ததும் தங்கை வந்து அவளைப் பார்வையற்றோர் பயிற்சி நிலையத்துக்குக் கூட்டிப் போகிறாள். இரண்டு மணிக்கு மேல் திரும்புகிறார்கள். தெருவில் தடியூன்றி நடக்கக் கற்றுக்கொண்டிருக்கிறாள். தொலைபேசி இணைப்பகத்தில் வேலை கிடைத்திருக்கிறது. ஒன்றாம் தேதி சேர வேண்டும். தங்கை வீட்டு மாடியறையைச் சுத்தம் பண்ணி வைத்தாயிற்று. அவளுடைய பழைய மெய்ப்புத் தாள் கட்டுக்குள் தேடினேன், மடக்குத் தடி இருந்தது. நுனியில் ரப்பர் நன்றாகத் தேய்ந்திருந்தது. இருந்த கோணத்திலேயே திரும்ப வைத்தேன்.

நான் கோபக்காரன் இல்லை. அலுவலகத்தில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். விட்டுப் போவதைக் கூட ஒரு மாதிரியாக விழுங்கிக்கொண்டிருப்பேன். ஆனால் உண்ட வீட்டில் உட்கார்ந்துகொண்டு என் குரலை வைத்து விளையாடியதைத்தான் விழுங்க முடியவில்லை. அப்போதும் வாய்ப்புக் கொடுத்தேன். திங்கட்கிழமை சாப்பிடும்போது, "என்கிட்ட ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டேன். "சோப்பு தீர்ந்துபோச்சுங்க, நாளைக்கு வாங்கிட்டு வாங்க" என்றாள். வாங்கிக் கொடுத்தேன்.

எங்கள் வீடு நாலாம் மாடி. பால்கனிக் கம்பி துருப்பிடித்து ஆடிக்கொண்டிருந்தது. கட்டட நிர்வாகத்துக்கு ஒரு வருஷமாக நான் எழுதிய கடிதங்களின் நகல் வீட்டில் இருக்கிறது. அந்தப் புதன் காலைதான் வெல்டர் வந்தார். நான் தாமதமாகக் கிளம்பினேன். பழைய கம்பியை அறுத்துக் கீழே இறக்கிவிட்டு, குறுக்கே ஒரு கயிற்றைக் கட்டினார். நல்ல மனுஷன். என் மனைவியைக் கூப்பிட்டு, "அம்மா, நானே வந்து சொல்ற வரைக்கும் இந்தக் கதவைத் திறக்காதீங்க, உங்களுக்குக் கோடி புண்ணியம்" என்று இரண்டு தடவை சொன்னார். அவளும் சரி என்றாள். கீழே அவரை வழியனுப்பப் போனபோது, நாளைக்கு வீட்டில் ஆள் இருக்காது, புதுக் கம்பியைச் சனிக்கிழமை கொண்டுவந்தால் போதும் என்று நான் சொன்னேன்.

மேலே வந்து அவளிடம், "நாளைக்குப் பதினோரு மணிக்கு வந்து மாட்டிடுவாராம். அவர்கிட்ட சாவி கொடுத்திருக்கேன், நீ ரூமுக்குள்ளயே இரு" என்றேன். மறுநாள் வியாழன். பதினோரு மணிக்கு அவள் வீட்டில் இருக்க மாட்டாள். அவள் கை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாளைக்கு நான் வெளியே போகிறேன், வேறு நாள் வரச் சொல்லுங்கள் என்று. சொல்லியிருந்தால் நான் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டேன். "சரிங்க" என்றாள்.

அன்று சாயங்காலம் அவள் குளிக்கும்போது வியாழக்கிழமை நாலரை மணித் துண்டை மாற்றிப் பதிவு செய்தேன். கேசட் எண்ணியில் அந்த இடத்தின் எண்ணைக் குறித்து வைத்திருந்ததால் தேட வேண்டியிருக்கவில்லை. ஆனால் நாலு தடவை பதிய வேண்டியதாயிற்று. முதல் மூன்றிலும் குரல் வறட்டுத்தனமாக இருந்தது. அன்பு குறைந்த குரலை அவள் கண்டுபிடித்துவிடுவாள். நாலாவது நன்றாக அமைந்தது.

"மணி நாலரைம்மா. வெல்டர் வந்து புதுக் கம்பி மாட்டிட்டுப் போயிருப்பார், சத்தம் கேட்டிருப்ப. இனிமே பயமில்ல. மழை வரும்னு ரேடியோல சொன்னாங்க. கொடியில கடைசில என் வெள்ளைச் சட்டை காயுது, நாளைக்குப் போட்டுக்கணும். எடுத்து வெச்சுடு, என்ன?"

பிறகு பாட்டு.

வியாழக்கிழமை காலை அவள் எழுவதற்கு முன்பே சட்டையைத் துவைத்துக் கொடியின் கோடியில் போட்டேன். கம்பியில் இடுப்பைச் சாய்த்துக் கையை நீட்டினால்தான் அந்தக் கடைசிக் கிளிப்பை அவள் எட்டுவாள். வருஷக்கணக்காக அப்படித்தான் எடுத்துக்கொண்டிருந்தாள், உடம்பே பழகியிருந்தது. வெல்டர் கட்டிய கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி, பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே வைத்தேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது, ஆளனுப்பி எடுத்துக்கொள்ளலாம். பெட்டியை அணைத்தேன். டைமர் விளக்கு எரிகிறதா என்று பார்த்தேன். "போயிட்டு வரேம்மா" என்றேன். "பார்த்துப் போங்க" என்றாள்.

அவள் பதினோரு மணிக்கு வீட்டில் இருந்திருந்தால் யாரும் வரவில்லை என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். கேசட் பொய் சொல்கிறது என்று புரிந்திருக்கும். இதை நீங்கள் நிதானமாக யோசித்துப் பார்க்க வேண்டும். அந்த நாளில் பொய் சொன்னவன் நான் மட்டும் இல்லை.

நாலரை மணிக்கு நான் அலுவலகத்தில் ஐந்து பேரோடு உட்கார்ந்து, புதுப் பெட்டியின் கையேட்டில் இருபத்தேழாம் பக்கத்தைப் படிக்கக் கேட்டுக்கொண்டிருந்தேன். படம் தலைகீழாக அச்சாகியிருந்தது. நான்தான் கவனித்துச் சொன்னேன். ஐந்து மணி சுமாருக்குக் கீழ்வீட்டு அம்மாள் தொலைபேசியில் கூப்பிட்டார். "சீக்கிரம் வாங்க, சீக்கிரம் வாங்க" என்று மட்டும் சொன்னார். நான் போய்ச் சேர்ந்தபோது போர்வை போட்டு மூடியிருந்தார்கள். ஒரு கை மட்டும் வெளியே தெரிந்தது. சட்டையை விடவே இல்லை. கிளிப்பும் அதிலேயே இருந்தது.

உங்கள் ஆட்கள் வந்து பார்த்தார்கள், விபத்து என்று எழுதிக்கொண்டார்கள். கேசட்டை யாரும் கேட்கவில்லை. பாட்டுக் கேட்கிற பெட்டியை யார் சந்தேகப்படுவார்கள்? பதினோரு நாள் நானும் பேசாமல் இருந்தேன். இன்னும் பதினோரு வருஷம் கூட இருந்திருக்க முடியும். வெல்டரை நீங்கள் மறுபடி மறுபடி கூப்பிட்டு விசாரிக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அவரைக் காப்பாற்றத்தான் வந்தேன் என்று எழுதினால் எனக்கு நல்லதுதான், ஆனால் அது உண்மை இல்லை.

இன்றைக்குக் காலையில் தங்கை வந்தாள், அக்காவின் துணிமணிகளை எடுத்துப் போக. வாசலில் வெல்டரும் நின்றிருந்தார். அவருக்குக் கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. "ரெண்டு தடவை சொன்னேம்மா. கயிறு கட்டினேன். அந்தம்மா கேக்கலையே" என்று தங்கையிடம் அழுதார். தங்கை அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க என்னண்ணே பண்ணுவீங்க? கம்பி மாட்டினாங்களான்னு நான் எட்டிப் பாக்கல, ஆனா மத்தியானம் நானும்தான் எதுக்கும் கதவுகிட்டப் போகாதேன்னு சொல்லிட்டு வந்தேன். எங்க அக்கா அப்படித்தான், யாரு பேச்சையும் கேக்க மாட்டா" என்றாள்.

யார் பேச்சையும் கேட்க மாட்டாளாம். அதைக் கேட்டபின் வீட்டில் இருக்க முடியவில்லை. கேசட்டைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நேராக இங்கே வந்தேன்.

இதோ இருக்கிறது. முதல் பக்கம், எண் நானூற்றுப் பன்னிரண்டு. போட்டுக் கேளுங்கள். கம்பியை அறுத்த வெல்டர் நேரில் நின்று போகாதே என்றார், கூடப் பிறந்தவள் போகாதே என்றாள், இரண்டையும் அவள் தள்ளிவிட்டாள். அலமாரி மேலிருந்து நான் ஒரே ஒரு தடவை சொன்னேன், எழுந்து போனாள். கயிற்றை அவிழ்த்தது நான், சட்டையைப் போட்டது நான், வெல்டரை வரவிடாமல் செய்தது நான், அவளைக் கொன்றது நான். எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். என்னை விட்டுப் போவதாக இருந்தாள் என்கிற அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிடுங்கள். போகிறவள் சட்டை எடுக்கப் போவாளா, நீங்களே சொல்லுங்கள்.