‘எந்த வரியில இருக்கு?’ என்று கேட்டவருக்கு

எழுத்தைக் கூட்டக் கற்றுத் தந்ததோடு நில்லாமல் எண்ணத்தைக் கூட்டவும் கற்றுத் தந்த எங்கள் நான்காம் வகுப்பு ஆசிரியையே! விடை சொன்ன பிள்ளையைத் தட்டிக் கொடுப்பதற்கு முன், அந்த விடைக்கு வந்த வழியை விசாரித்த வித்தகரே! ஒன்பது வயதுப் பிள்ளைகளை ஊமைகளாய் உட்கார வைக்காமல், உரிமையோடு கேட்கவும் உரிய காரணத்தோடு மறுக்கவும் பழக்கிய பெருந்தகையே! பிள்ளைகள் வைத்த ‘எந்த வரி டீச்சர்’ என்ற பட்டப்பெயரை, பெற்ற விருதுகளுக்கெல்லாம் மேலாகப் பெருமையோடு சுமந்தவரே! பணி நிறைவு பெறும் தங்களுக்கு உடன் பணியாற்றிய நாங்கள் உவகையோடு படைக்கும் மடல் இது.

அவையோர் ஒன்றைக் கவனித்திருக்கலாம். இந்தப் பள்ளியின் வழியனுப்பு விழாக்களில் மடல் எழுதுபவரும் வாசிப்பவரும் எப்போதும் தமிழ் ஐயாதான். இன்று அவர் மேடையில் இல்லை, மூன்றாவது வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். “இந்தத் தடவை நீங்களே எழுதுங்க. நடந்ததை நடந்தபடி எழுதுங்க. என்னைக் கிண்டல் பண்ணினாலும் பரவாயில்ல” என்று சொல்லிவிட்டார். அனுமதி கிடைத்தபின் நாங்கள் சும்மா விடுவோமா? ஆகவே இந்த மடலில் பாதி தங்கள் புகழ், மீதி ஐயா பட்ட பாடு. இரண்டும் ஒன்றுதான் என்பது போகப் போகப் புரியும்.

தங்கள் வாசிப்பு நேரத்தை அறியாத விருந்தினர்களுக்காக ஒரு சொல். மதிய உணவுக்குப் பிந்தைய முதல் பாடவேளை அது. உண்ட களைப்பில் உலகமே கண் செருகும் அந்த நேரத்தில், பள்ளியிலேயே அதிகச் சத்தம் எழும் அறை தங்கள் அறை. ஒரு கதை அல்லது ஒரு செய்தித் துணுக்கு, சில நாள் பல்பொடி டப்பாவின் அட்டை; அதைப் பிள்ளைகள் வாசிப்பார்கள். தாங்கள் கேள்வி கேட்பீர்கள். விடை நூலில் வெளிப்படையாக இருந்தால் பிள்ளை அந்த வரியின் மேல் விரல் வைக்க வேண்டும். வரியில் இல்லை, இருக்கிற வரிகளைச் சேர்த்து யோசித்துச் சொல்கிறேன் என்றால் நெற்றியில் கை வைத்து, யோசித்த வழியைச் சொல்ல வேண்டும். எங்கு தேடியும் இல்லை, யோசித்தும் வரவில்லை என்றால் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டலாம். விரித்த கைக்கும் முழு மதிப்பெண் கொடுத்த முதல் ஆசிரியர் எங்கள் அறிவுக்கு எட்டியவரை தாங்கள்தாம். “தெரியாததைத் தெரியாதுன்னு கண்டுபிடிக்கிறதும் படிப்புதான்” என்பீர்கள்.

அந்த நேரத்துக்குத்தான் ஆபத்து வந்தது. தங்கள் பணி நிறைவு நெருங்கியபோது ஆசிரியர் அறையில் தலைமையாசிரியை அம்மா ஒளிவு மறைவில்லாமல் சொன்னார்: “மாதிரித் தேர்வு நடத்த நேரமே போதல. உங்களுக்கு அப்புறம் அந்த வேளையை யாராவது எடுத்தா சரி. இல்லேன்னா தேர்வுப் பயிற்சிக்குத்தான் ஒதுக்கணும்.” அவர்மீது குறை சொல்ல வழியில்லை, மேலே பதில் சொல்ல வேண்டியவர் அவர். தாங்கள் எழுந்து எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தீர்கள். “எனக்குப் பரிசு எதுவும் வாங்காதீங்க. அந்த ஒரு வேளையை மட்டும் யாராவது எடுத்துக்கோங்க. போதும்.”

ஒருவரும் முன்வரவில்லை. மனமில்லாமல் இல்லை, பயம். அந்த வகுப்பில் ஆசிரியர் விடை சொல்லக் கூடாது, பிள்ளைகள் கேட்பார்கள், “எனக்குத் தெரியல” என்று நாற்பது பிள்ளைகள் முன்னால் சொல்ல நேரும். காலமெல்லாம் கரும்பலகைக்கு முன்னால் எல்லாம் தெரிந்தவராய் நின்று பழகியவர்களுக்கு அது லேசான காரியமா? தமிழ் ஐயா அன்று தேநீர்க் கோப்பைக்குள் எதையோ தேடுவது போலக் குனிந்துகொண்டார். தாங்கள் சிரித்தபடி “சரி, யோசிங்க” என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனீர்கள்.

அடுத்த வாரம் ஓய்வூதியக் காகிதங்களில் கையெழுத்திடத் தாங்கள் கல்வி அலுவலகம் சென்றீர்கள். வாசிப்பு நேரத்துக்கு மாற்றாளாக அனுப்பப்பட்டவர் தமிழ் ஐயா. இனி நடந்ததில் ஒரு பாதியை அவரே சொன்னார். மறு பாதியை, அடுத்த வேளைக்காக வாசலில் வந்து நின்ற கணக்கு டீச்சர் கண்ணால் பார்த்தார். ஆதாரம் கேட்பீர்கள் என்று தெரியும், அதனால் சொல்லிவைக்கிறோம்.

ஐயா வகுப்புக்குள் போனபோது கையில் பாடம் எதுவும் இல்லை. ஆனால் சட்டைப் பையில் தங்களுக்காக அவர் எழுதி முடித்திருந்த பாராட்டு மடல் இருந்தது. நல்ல தமிழ் பிள்ளைகள் காதில் விழட்டுமே என்று நினைத்தார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. அவர் மடல் வாசித்தால் கண்ணைத் துடைக்காதவர் அவையில் கிடையாது. சட்டம் போட்ட அவருடைய மடல்கள் எத்தனையோ வீட்டுக் கூடங்களில் தொங்குகின்றன. எனவே பேரையும் ‘ஆசிரியை’ என்ற சொல்லையும் மட்டும் விட்டுவிட்டு, முதல் பத்தியை முத்து முத்தான எழுத்தில் பலகையில் எழுதினார்.

“பொறுமையில் பூமியே! கருணையில் கார்மேகமே! கடமையில் கதிரவனே! திடலில் திரண்டெழும் வேங்கையே!”

“யாரைப் பத்தி இதுன்னு சொல்லுங்க பார்க்கலாம்” என்றார் ஐயா.

முதல் பெஞ்சுப் பையன் ராஜா என்றான். ஒருத்தி டாக்டர் என்றாள். சன்னலோரத்துப் பையன் நெற்றியில் கை வைத்து எழுந்தான். “பூமி இருக்கு, மேகம் இருக்கு, சூரியன் இருக்கு. மழை எப்படிப் பெய்யுதுன்னு சொல்ற பாடம் ஐயா. ஆனா புலி ஏன் வந்துச்சுன்னுதான் தெரியல.”

ஐயாவுக்குக் காது மடல் சூடேறியது. அவர் பொறுமையைப் பூமி என்று எழுதியபோது யாரும் மழையை நினைத்ததில்லை. “நல்லா யோசிங்க” என்று குரலைச் சற்று உயர்த்தினார். தையற்காரரின் மகள் பலகையை மேலிருந்து கீழ்வரை இரண்டு முறை படித்தாள். பிறகு சொன்னாள்: “ஐயா, இது யாருக்கு வேணாலும் பொருந்தும். அதனால யாருன்னு சொல்ல முடியாது.” சொல்லிவிட்டு இரு கைகளையும் விரித்தாள். பக்கத்துப் பெண்ணும் விரித்தாள். ஒரு நிமிடத்தில் வகுப்பு முழுவதும் விரித்த கைகள்.

அழிப்பானை எடுத்துப் பலகையைத் துடைத்துவிட்டு எல்லோரையும் கையெழுத்துப் பயிற்சி எழுதச் சொல்லிவிடலாமா என்று ஐயாவுக்குத் தோன்றியதாம். தோன்றியதை அவரே சொன்னார். ஆனால் அத்தனை கைகளும் மரியாதைக் குறைவாக விரியவில்லை, பிள்ளைகள் உண்மையாகத் தேடிவிட்டுத்தான் விரித்திருந்தார்கள் என்பது அவருக்குத் தெரிந்தது. சுண்ணாம்புக் கட்டியைக் கீழே வைத்தார். “இது உங்க டீச்சரைப் பத்தி நான் எழுதினது” என்றார்.

பிள்ளைகள் பலகையை மறுபடி வாசித்தார்கள். கடைசியில் தையற்காரரின் மகள்தான் கேட்டாள். குரலில் குறும்பு இல்லை, உண்மையிலேயே தேடுகிற குரல்.

“அப்ப இதுல எங்க டீச்சர் எங்க ஐயா?”

இத்தனை ஆண்டுகளில் எத்தனையோ பேருக்கு மடல் எழுதியவரை யாரும் அந்தக் கேள்வி கேட்டதில்லை. “அருமை ஐயா” என்பார்கள், கைகுலுக்குவார்கள், போய்விடுவார்கள். அவர் பலகையைத் திரும்பிப் பார்த்தார். அந்த வேங்கை, முந்தைய ஆண்டு ஓய்வு பெற்ற விளையாட்டு ஆசிரியருக்காக எழுதியது. பழைய மடலைப் பார்த்து எழுதும்போது தப்பித் தங்கிவிட்டது. தாங்களோ பந்து வந்தால் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொள்கிறவர். ஐயாவுக்குத் தன்னையறியாமல் சிரிப்பு வந்தது. அந்தப் பிள்ளைகள் அவர் சிரித்துப் பார்த்தது அன்றுதான் முதல் தடவை. “சரி. நான் கோட்டை விட்டுட்டேன். நீங்க சொல்லுங்க, நான் எழுதறேன்” என்றார்.

அப்புறம் என்ன, மடை திறந்தது. பொறுமை என்ற சொல்லைத்தான் முதலில் தூக்கினார்கள். “டீச்சருக்குப் பொறுமையெல்லாம் இல்ல ஐயா. கோவம் வரும்.” “எப்ப வரும்?” “தப்பா சொன்னா வராது. ஏன்னு சொல்லாம சரியா சொன்னாத்தான் வரும்.” ஐயா அதை அப்படியே பலகையில் எழுதினார். எழுதிவிட்டு ஒரு கணம் நின்று, தானே மறுபடி வாசித்தார். சன்னலோரத்துப் பையன் தன் பக்கத்தில் இருப்பவனைக் காட்டினான். “இவன் இன்னும் எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். டீச்சர் இவனுக்கு மட்டும் கதையை வாசிச்சுக் காட்டுவாங்க. ஆனா கேள்வியில சலுகை கிடையாது. எங்களுக்கு வராத பதில் சில நாள் இவனுக்கு வரும்.” எழுத்துக் கூட்டுகிறவன் தலையைக் குனியவில்லை, ஆமாம் என்று தலையாட்டினான்.

அன்பிற்குரியவரே, இங்கேதான் எங்கள் நெஞ்சு நிமிர்கிறது. வாசிக்கத் திணறுகிற பிள்ளைக்கு யோசிக்கவும் வராது என்று உலகமே ஒதுக்கி வைக்க, வாசிப்பைத் தாங்கள் சுமந்து, யோசிப்பை அவனிடம் விட்டீர்களே! மருந்துக்கடைக்காரர் வந்து முறையிட்ட நாளும் எங்களுக்கு மறக்காது. “டீச்சர், சத்துமாவு டப்பாவுல ‘எல்லோரும் விரும்புவது’ன்னு போட்டிருக்கு. என் பொண்ணு, வாங்க வந்தவங்க முன்னாடியே ‘எல்லாரையும் கேட்டாங்களாப்பா?’ங்கறா. வியாபாரம் படுத்துக்கும் போலிருக்கு.” தாங்கள் சொன்ன பதில் ஒன்றுதான்: “அவ கேட்டதுல தப்பு இருந்தா சொல்லுங்க, திருத்தறேன்.” அடுத்த ஆண்டு தம் இளைய மகளையும் தங்கள் வகுப்பிலேயே போட வேண்டும் என்று வந்து நின்றவர் அவர்தான்.

குறையே இல்லாதவர் என்று தங்களைச் சொன்னால் அந்தப் பிள்ளைகள் எங்களையும் நிற்க வைத்துவிடுவார்கள். ஆகவே சொல்கிறோம்: தாங்கள் வருகைப் பதிவேட்டைக் கேட்ட நேரத்தில் கொடுத்ததில்லை. ஆசிரியர் கூட்டம் எதுவும் தாங்கள் இருக்கும்வரை குறித்த நேரத்தில் முடிந்ததில்லை, “இதுக்கு என்ன ஆதாரம்?” என்று ஒரு கை எழும். சுற்றறிக்கையின் மூன்றாம் வரி முதல் வரியோடு முரண்படுகிறது என்று தாங்கள் காட்ட, தலைமையாசிரியை அம்மா தலையில் கை வைத்துக்கொண்ட காட்சியை நாங்கள் இனி எங்கே காண்போம்?

அன்று வேளை முடிந்தும் ஐயா வெளியே வரவில்லை. கணக்கு டீச்சர் வாசலில் நின்று இரண்டு முறை தொண்டையைச் செருமினார். பலகையில் இடமில்லாமல் ஐயா ஓரத்தில் நெருக்கி நெருக்கி எழுதிக்கொண்டிருந்தார். சட்டையெல்லாம் சுண்ணாம்புத் தூள். ஒரு பெண் சொன்னதை இன்னொருத்தி மறுக்க, இருவருக்கும் நடுவில் நின்று “இருங்க இருங்க, ஒவ்வொருத்தரா” என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். ஆசிரியர் அறைக்கு வந்து நாற்காலியில் விழுந்தவர், “முப்பது வருஷமா பாடம் நடத்தறேன்னு நினைச்சிட்டிருந்தேன்” என்றார்.

அம்மையீர், இனிச் சொல்லப்போவது இதுவரை தங்களிடம் சொல்லாதது. மறுநாள் காலை மணி அடிப்பதற்கு முன்பே ஐயா தலைமையாசிரியை அம்மாவின் அறைக்குப் போனார். “மதியம் நாலாம் வகுப்பு வாசிப்பு வேளையை எனக்குப் போட்டுடுங்கம்மா.” அம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்தார். “உங்களால முடியுமா ஐயா?” “முடியுமான்னு தெரியலம்மா. ஆனா அந்தப் பிள்ளைங்களை மறுபடி வாயடைச்சு உட்கார வைக்க என்னால முடியாது.” தங்களுக்குப் பின் வரவிருக்கும் கால அட்டவணை அன்றே திருத்தப்பட்டது. அதில் வாசிப்பு நேரம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அது மட்டுமா, ஐந்தாம் வகுப்புக்கும் அப்படி ஒரு வேளை வேண்டுமென்று கணக்கு டீச்சர் விண்ணப்பம் வைத்திருக்கிறார். தாங்கள் கேட்டது ஒன்று. அதைக் கொடுத்துவிட்டோம்.

நோயற்ற உடலும் நொடியாத மனமும் நூல் விலகாத கையும் தங்களுக்கு நெடுங்காலம் வாய்க்கட்டும். பேரப்பிள்ளைகள் கேட்கிற கேள்விக்கெல்லாம் நேரமிருக்கும் நாள்கள் தங்களுக்கு நிறையட்டும். வீட்டில் யார் எதைச் சொன்னாலும் ஆதாரம் கேட்கும் அந்தப் பழக்கத்தை, வீட்டார் பொறுத்துக்கொள்ளும் அளவுக்காவது குறைத்துக்கொள்ள வேண்டுமென்று தங்கள் கணவர் சார்பில் வேண்டுகிறோம். எங்கள் வாசல் என்றும் தங்களுக்குத் திறந்திருக்கும்.

திங்கட்கிழமை வகுப்புக்கு ஐயா ஒரு கதை எடுத்து வைத்திருக்கிறார். பெரியவர் ஒருவர் பேருந்தில் கடைசி நிறுத்தம் வரை போகிறார். அங்கே இறங்காமல் அதே பேருந்தில் திரும்பி வந்துவிடுகிறார். அவ்வளவுதான் கதை. அவர் ஏன் இறங்கவில்லை என்று நேற்று நாங்கள் ஐயாவைக் கேட்டோம். “நாலு தடவை படிச்சுட்டேன், எனக்கும் தெரியல” என்றார். “பிள்ளைங்ககிட்டதான் கேக்கணும்.”

இங்ஙனம்,
தங்களோடு பணியாற்றிய பெருமையில் திளைக்கும்
ஆசிரியர்களும் அலுவலர்களும்