ரிலீவர்

ஓசூரிலிருந்து கெலமங்கலம் வழியாகத் தேன்கனிக்கோட்டை போகும் காலை பஸ். முன் சீட்டில் ஒரு பாஸ்டர். பக்கத்தில் கம்பெனி யூனிஃபார்மில் அவர் மனைவி. பாஸ்டர் மடியில் தலையணை கனத்துக்கு ஓர் இறையியல் புத்தகம்.

"ஏங்க, மூணு வாரமா உங்க பிரசங்கத்துல இயேசுவே வரலீங்க."

"வராரே எஸ்தரு. 'பதிலாள் பரிகாரம்'னு சொல்றேன்ல, அது அவருதான்."

"அது யாருக்குங்க புரியும்?"

"நாம நிக்க வேண்டிய எடத்துல அவரு வந்து நின்னாரு. அவ்ளோதான்."

"அட, ரிலீவரு!"

"யாரு?"

"ஷிப்ட் முடிஞ்சாலும் அடுத்த ஆள் வராம மிஷின விட்டு நகர முடியாதுங்க. 'நீ கெளம்பு, நான் நிக்கறேன்'னு வருவாங்க பாருங்க, அவங்கதான் ரிலீவரு. நேத்து எனக்கு வரல. ரெண்டு ஷிப்ட் சேத்து நின்னேன்."

பாஸ்டர் பென்சிலை எடுத்துப் புத்தக ஓரத்தில் அந்த வார்த்தையை எழுதினார். அவள் மடியிலிருந்த டிபன் பையைத் தன் மடிக்கு மாற்றிக்கொண்டார்.

"நீ தூங்கு. கெலமங்கலம் வந்தா நான் எழுப்பறேன்."

அவள் அவர் தோளில் சாய்ந்து கண்ணை மூடினாள்.

"மொதல்ல அந்த புக்க மூடுங்க. போன வாரமும் இப்படித்தான் சொல்லி, தேன்கனிக்கோட்டையில எழுப்புனீங்க."