காத்தானுக்கு வரைந்த மீசை

நடவு பெண்கள் செய்கிற வேலை, ஐயா. ஆண்கள் நாற்றுப் பறிப்போம், கட்டுக்கட்டாக முடி போட்டுச் சுமந்து போடுவோம், அதோடு கரையேறிவிடுவோம். எங்கள் நன்னிலம் பக்கத்தில் எல்லா ஊரிலும் அப்படித்தான்.

என் தம்பி காத்தான் மட்டும் கரையேறமாட்டான். பெண்களோடு வரிசையில் குனிந்து நடுவான், அவர்களோடு சேர்ந்து பாடுவான். கை அவ்வளவு சுத்தம். ஊரில் அவனைப் பொட்டை என்றார்கள், ஒன்பது என்றார்கள். டீக்கடைக்கு வந்தால் பெண்கள் பக்கம் போய் நிற்கச் சொல்வார்கள். நான் ஒரு நாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டவர்களைத் தடுத்ததும் இல்லை. அவன் சிரித்துக்கொண்டே போய்விடுவான்.

எழுபத்தொன்றில், சம்பா நடவு சமயத்தில், கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தோம். நான் சங்கத்தின் கிளைச் செயலாளர். பதினோராம் நாள் மிராசுதார் வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்தார். கூடவே போலீஸ். அந்த ஆட்களை வயலில் இறங்க விடாமல் நாங்கள் மறிப்பதாக ஏற்பாடு. போலீஸ் தடியைத் தூக்கியதும் ஆண்கள் எல்லோரும் ஓடினோம். முதலில் ஓடியவன் நான் என்பதைக் கவனித்தவன் காத்தான் ஒருவன்தான். மூங்கில் கொல்லைக்குள் மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தேன்.

பெண்கள் ஓடவில்லை. அவர்களோடு காத்தானும் சேற்றில் குறுக்கே படுத்துக்கொண்டான். அடித்தார்கள். எழுந்திருக்கவில்லை. கடைசியில் லாரி திரும்பிப் போய்விட்டது.

வீட்டில் என் மனைவி ராமாயி சோறு போட்டாள்.

"இந்த ஊருல ஆம்பளைன்னா காத்தான் ஒருத்தந்தான். நீங்கதான் பொட்டை" என்றாள். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. எனக்குக் கோபமும் வரவில்லை. சாப்பிட்டுக் கை கழுவினேன்.

மறுநாள் விடிந்ததும் காத்தான் வாய்க்காலில் குளித்துக்கொண்டிருந்தான். வேறு யாரும் இல்லை. முதுகுக்குக் கை எட்டவில்லை என்று என்னைத் தேய்த்துவிடச் சொன்னான். தேய்த்தேன். தோல் தடித்துப் போயிருந்தது.

"அண்ணே, போலீசு ஒங்களக் கேட்டுச்சு. சங்க வேலையா கும்மோணம் போயிருக்காருன்னு சொல்லிட்டேன். மொதல்ல ஓடினது நீங்கன்னு நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

அன்பாகத்தான் சொன்னான். கழுத்தைப் பிடித்துத் தண்ணீருக்குள் அழுத்தினேன். இடுப்பளவுத் தண்ணீர். அடி வாங்கிய உடம்பில் பலமில்லை. கொஞ்ச நேரம் என் கையைப் பிடித்திருந்தான், பிறகு விட்டுவிட்டான்.

மிராசுதாரின் காரியக்காரர் ரெங்கசாமி மேல் கொலை வழக்கு வந்தது. அன்று விடியலில் அவர் வாய்க்கால் பக்கம் வந்ததைப் பார்த்ததாக நான் சாட்சி சொன்னேன். ஆயுள் தண்டனை கொடுத்தார்கள். சங்கத்தில் காத்தானுக்குப் படம் திறந்தார்கள். அவனுக்கு மீசை கிடையாது. ஓவியரிடம் சொல்லி ஒன்று வரையச் செய்தேன்.

ரெங்கசாமி போன வாரம் சிறையில் செத்துப்போனதாகச் சொன்னார்கள். அதனால்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன். காரணம் என்று கேட்டிருக்கிற இடத்தில், சங்கத்தின் மானத்தைக் காப்பாற்ற என்று எழுதிக்கொள்ளுங்கள். செயலாளரே முதலில் ஓடினார் என்று தெரிந்திருந்தால் போராட்டம் உடைந்திருக்கும். ராமாயி சொன்னதை எழுத வேண்டாம், ஐயா. பெண்பிள்ளை சொன்ன ஒரு வார்த்தைக்காகக் கூடப்பிறந்தவனைக் கொல்கிற அளவுக்கு நான் ஆண்மையில்லாதவன் அல்ல.