இரு கரையிலும் ஆள் வேண்டும்

தலைமை நாற்காலியைத் தம் பொறுமையால் நிரப்பியிருக்கும் நகரமன்றத் தலைவர் அவர்களே! வெள்ளம் பார்த்தும் வெலவெலத்துப் போகாத பெரியோர்களே! வீட்டையும் ஆண்டு, எங்களையும் ஆண்டுகொண்டிருக்கும் தாய்மார்களே! அன்பளிப்போடு வந்து முன்வரிசையை அலங்கரிக்கும் பெரிய நாட்டின் நீர்த்துறை அதிகாரி அவர்களே! ஆற்றோரம் வாழ்ந்தும் ஆற்றுக்கு அஞ்சாத அருமை மக்களே! இருபத்தாறு ஆண்டுகள் இந்த ஊரின் நீர்மட்டம் அளந்தவன் நிமிர்ந்து நின்று வணங்குகிறேன்.

அக்கரை பெரிது, இக்கரை சிறிது. யார் மறுத்தார்? அவர்களுடைய ஒரு மாவட்டத்துக்குள் நம் நாட்டையே மடித்து வைத்துவிடலாம். ஆனால் வரலாறு என்ன சொல்கிறது? முதலில் குதிரையேறி வந்தார்கள், கொள்ளையடித்துப் போனார்கள். பிறகு மாலையோடு வந்தார்கள்; நம் இளவரசியை மணந்து, சீதனமாக உப்பளத்தையும் கொண்டு போனார்கள். பிறகு நாம் பஞ்சத்தில் பதறியபோது நூறு படகில் தானியம் தந்தார்கள். அதை மறந்தால் நாம் மனிதர்களே அல்ல! ஆனால் தானியம் இறக்க வந்த இரண்டு மேற்பார்வையாளர்கள் முப்பது ஆண்டுகள் நம் துறைமுகத்தை விட்டுப் போகவே இல்லை. சிரியுங்கள், சிரியுங்கள். அதிகாரி ஐயாவே சிரிக்கிறார்!

இன்று ஒரு திரையோடு வந்திருக்கிறார்கள். ஆற்றின் மேலே அவர்கள் கட்டியிருக்கும் அணையின் நீர்மட்டம் அதில் தானாகத் தெரியுமாம். இலவசமாம்! பதிலுக்கு இரு கரையிலும் உள்ள நீர்மட்ட அலுவலகங்களை மூடிவிட வேண்டுமாம். இந்தக் கூட்டம் கை தூக்கிச் சம்மதித்தால் ஒப்பந்தம் உறுதி. சம்மதிக்கலாமா? ஒரு கதை கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

அக்கரை அலுவலகத்தில் இருந்தவரை நான் பார்த்ததே இல்லை. கைப்பிடி சுற்றும் பழைய தொலைபேசியில் குரல் மட்டும்தான் பழக்கம். "சம்பந்தி, நம்ம பக்கம் நாலு அடி. உங்க பக்கம்?" என்பார். நாங்கள் பெண் கொடுத்ததும் இல்லை, எடுத்ததும் இல்லை. தண்ணீர் கொடுத்து வாங்கினோம், சம்பந்தியானோம்!

எல்லைத் தகராறு வந்தது. இரு அரசுகளும் முகத்தைத் திருப்பிக்கொண்டன. "பேசக் கூடாது" என்று இருவருக்கும் ஆணை. ஆனால் கம்பி பழுதாகாமல் இருக்கிறதா என்று பார்க்க, காலை ஆறு மணிக்கு ஒரே ஒரு சோதனை மணி அடிக்கும் விதியை மட்டும் மாற்ற மறந்துவிட்டார்கள். அந்த மணியை எடுக்கக் கூடாது. பதிலுக்கு ஒரு மணி அடித்தால் போதும். முப்பத்தெட்டு நாட்கள் அப்படியே ஓடின.

முப்பத்தொன்பதாம் நாள் மணி நிற்கவே இல்லை. அலுவலகத்தை ஒட்டிய எங்கள் வீட்டில் என் மனைவி உலையில் அரிசி போட்டுக்கொண்டிருந்தாள்.

"எடுங்களேன், அடிச்சுக்கிட்டே இருக்கே!"

"சோதனை மணியை எடுக்கக் கூடாதுடி. விதி தெரியாம பேசாதே. கம்பியில கோளாறு."

"கோளாறா? பதினொன்னு அடிக்குது, நிக்குது. மறுபடியும் பதினொன்னு. கோளாறுக்கு எண்ணத் தெரியுமா?"

விதிப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்த எனக்கு விளங்கவில்லை, தாய்மார்களே! படிக்காத அவளுக்கு விளங்கியது! பதினொரு முறை அடித்தால் பதினொரு அடித் தண்ணீர்! பத்து அடி வந்தாலே நமக்கு ஆபத்து. சொல்லாமல் அணையைத் திறந்துவிட்டார்கள்! தண்ணீர் வந்து சேர நான்கு மணி நேரம். தொட்டிலோடு குழந்தைகளைத் தூக்கினோம். கட்டிலோடு நோயாளிகளைத் தூக்கினோம். பத்தரைக்குக் கீழத்தெரு முழுகியது. ஒரு உயிர்கூடப் போகவில்லை!

என்னது? "நானும் அந்தத் தொட்டில்ல இருந்தேன்"னா? உட்காரு தங்கச்சி, உட்காரு.

சம்பந்தியைச் சும்மா விட்டார்களா? விசாரணை வைத்தார்கள். "சோதனைதான் செய்தேன், கொஞ்சம் கூடுதலாகச் செய்தேன்" என்றாராம். மழையே பெய்யாத ஊருக்கு மழை அளக்க அனுப்பிவிட்டார்கள்! அடுத்து வந்தவர், தகராறு தீர்ந்த அன்றே அழைத்தார். "நான் புதுசுங்க. உங்களை சம்பந்தின்னு கூப்பிடணும்னு பழையவர் சொல்லிட்டுப் போயிருக்கார்" என்றார். நான் அழுதுவிட்டேன், ஐயா. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அழுதுவிட்டேன்.

அணையைத் திறந்ததும் பெரிய நாடுதான். மணியை அடித்ததும் பெரிய நாடுதான். எந்தப் பெரிய நாட்டோடு நாம் உறவு கொள்ளப் போகிறோம்? மறைக்கச் சொன்னால் திரை மறைக்கும். மனிதன் மறுப்பான்!

"அப்போ திரை வேணாமா?" என்கிறார் பின்னாலிருந்து ஒரு தம்பி. ஏன் வேண்டாம்? தாராளமாக மாட்டட்டும்! நன்றி சொல்லி வாங்கிக்கொள்வோம். ஆனால் அங்கே ஒரு ஆள் இருக்க வேண்டும். இங்கே ஒரு ஆள் இருக்க வேண்டும். நாம் சம்மதிக்காவிட்டால் இரண்டு அலுவலகமும் நிற்கும். கையெழுத்தில் மட்டும்தான் சிறிய நாடும் பெரிய நாடும் ஒரே அளவு!

அலுவலகம் இருக்க வேண்டும் என்பவர்கள் கை தூக்குங்கள்!

அடேயப்பா! ஏம்மா, நீ என் மனைவியாகவே இருந்தாலும் ஒரு ஆளுக்கு ஒரு கைதான். இன்னொன்றை இறக்கு!

அதிகாரி அவர்களே, உங்கள் மீது எங்களுக்குக் கோபமில்லை. முன்வரிசையில் உட்கார்ந்தவருக்குப் பின்னால் இருப்பவர்கள் தெரிவதில்லை. அது உங்கள் குற்றமும் இல்லை. கொஞ்சம் எழுந்து, திரும்பிப் பாருங்கள். பார்த்ததைப் போய்ச் சொல்லுங்கள்.

கேட்ட செவிகளுக்கு நன்றி. உயர்ந்த கைகளுக்கு வணக்கம்!